நெல் தராசில் ஏறிய கார்

காரை எடை போட்ட அன்று களத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ரைஸ் மில் சொந்தக்காரர் பஞ்சநதம், அவருடைய ஒரே மகன் சூர்யபிரகாஷ், மகனோடு காலேஜில் படித்த அதிராம்பட்டினத்து அன்சார், பஞ்சநதத்தின் அக்கா பூவம்மாள், மில்லில் மூட்டை எடை போடும் துரைக்கண்ணு. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றதாக மன்னார்குடிக் கடைத்தெருவில் இன்றைக்கும் இரண்டு மூன்று பேர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் இல்லை.

பஞ்சநதத்தின் மனைவி மாலதி இறந்து அப்போது நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

கார் மாலதியுடையது. பழைய வெள்ளை ஜென். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த காலமெல்லாம் அதில்தான் போய் வந்தாள். ரிட்டையர் ஆன அன்று சாவியை மகன் கையில் கொடுத்து, "என்ன வேணா பண்ணிக்க, வித்து மட்டும் தொலைக்காதே" என்றாள். அவன் விற்கவில்லை. பின்சீட்டைக் கழற்றினான். கார்ப்பெட்டைக் கிழித்தான். கதவுகளின் உள்பக்க அட்டை, ரேடியோ, ஏசி எல்லாம் போயின. வண்டி உருண்டால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு எழுந்தது. வருஷா வருஷம் சேலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தின் மலைப்பாதையில் பந்தயம் நடக்கும். தொழில்முறை ஆட்கள் இல்லை; ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். ஒவ்வொரு காராக விடுவார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

தஞ்சாவூர்ச் சீமையில் மேடு என்று சொல்ல ஆற்றுக் கரையும் ரயில்வே மேம்பாலமும்தான் உண்டு. டீக்கடையில் சூர்யாவைப் பார்த்தால் போதும், "மாப்ள, நமக்கு வாய்க்கால் தண்ணியே வயல்ல ஏற மாட்டேங்குது, நீ காரை எங்கடா ஏத்தப் போற?" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அன்சாரோடு போய் ஆற்றுக் கரைச் சரிவில் ஏற்றி இறக்கிப் பழகுவான். அதெல்லாம் மாலதி இருந்தபோது.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததும் மாலதி இருந்தபோதுதான். பஞ்சநதத்துக்கு அது ஒன்றே போதும். பெயர் கொடுத்தால் போக வேண்டும். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தவர்கள் அவர் குடும்பத்தில் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சே, "வண்டி வேலையை எப்ப முடிக்கிறே?" என்பதுதான்.

அவன் "பார்க்கலாம்பா" என்றான். அதற்குப் பிறகு காரின் பக்கமே போகவில்லை.

பஞ்சநதத்துக்கு அதில் கோபமும் வரவில்லை. அவருக்கு அப்போது எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு சொந்த உதட்டைத் தொட்டால் வேறு யாருடையதையோ தொடுவது போல் இருக்குமே, நாலு மாதமாக அவர் அப்படித்தான் நடமாடினார். வேளைக்குச் சாப்பிட்டார். வெள்ளைச் சட்டை கஞ்சி முறுக்கோடு இருந்தது. மில்லில் நெல் அவிகிற வாடை வந்தது. வருகிறது என்று மட்டும் தெரிந்தது.

கடைசியில் அன்சார்தான் வந்து நின்றான். மீதி வேலையைத் தானே முடித்தான். பிறகு நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை பார்க்க வேண்டும் என்றான்.

"கட்டில் ஆடும் பாருங்க மாமா, ஒரு காலுக்கு அடியில அட்டை செருகி வச்சிருந்தா? அந்தக் காலும் அதுக்குக் குறுக்கே இருக்கிற காலும் பாரத்தை வாங்கிக்கும், மத்த ரெண்டும் சும்மா நிக்கும். காரும் அப்படித்தான். வளைவுல ஒரு பக்கம் நல்லாத் திரும்பும், மறுபக்கம் இழுக்கும். அதுக்குன்னு மெஷின் இருக்கு, நம்மகிட்ட இல்ல."

"தராசு இருக்குல்ல" என்றார் பஞ்சநதம். "நெல்லு நிறுக்கிறது."

அப்படித்தான் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசுகள் நாலு களத்துக்கு வந்தன. மழைத் தண்ணீர் வடியச் சற்றுச் சாய்த்துப் போட்ட சிமெண்டுக் களம் அது. கொத்தனார் டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்து, துரைக்கண்ணு தராசுகளுக்கு அடியில் பலகை வைத்தான். பலகைச் சரிவில் காரை ஏற்றி, சக்கரத்துக்கு ஒரு தராசாக நிறுத்தினார்கள். நாலு இடத்திலும் சிவப்பு எண்கள் எரிந்தன.

ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால்தான் கணக்கு. அன்சார் கூப்பிட்டுக் கூப்பிட்டு சூர்யா வந்தான். கூண்டுக் குழாய்க்குள் காலை நுழைத்து உட்கார்ந்து, தோள் பட்டைகளை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் மடியில் கை வைத்திருந்தான்.

பூவம்மாள் மோர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"தம்பி, நான் சொல்றதைச் சொல்லிட்டேன். கொள்ளி வச்சவன் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது."

"அது கோயில் மலைக்குத்தான், அக்கா" என்றார் பஞ்சநதம்.

"மலையில என்னடா கோயில் மலை, காப்பி மலை? மலைன்னா மலைதான்."

"அத்தை, அங்க சாமியே கிடையாது" என்றான் அன்சார், காருக்கு அடியிலிருந்து.

"நீ பேசாதே. உங்களுக்கு என்ன, மலையும் சமவெளியும் ஒண்ணுதான்."

அன்சார் அடியில் கிடந்தபடியே சிரித்தான். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் திருகினால் அந்த மூலை உயரும், பாரம் மாறும். அவன் திருகத் திருக எண்களும் மாறின. துரைக்கண்ணு சுற்றிச் சுற்றி வந்து, ஏலம் கூறுவது போல் அவற்றை உரக்கப் படித்தான். அவனுக்கு வேலை பிடித்துப்போயிற்று. அந்த உற்சாகத்தில்தான் கேட்டான்.

"சின்ன முதலாளி, அன்னிக்கு அம்மாவ ஏத்திக்கிட்டு தஞ்சாவூர் பறந்தீங்களே, இதே வண்டிதானே? எம்மாம் வேகம் போயிருக்கும்? கேட்டுக்காரன் ரயில நிறுத்திட்டு கேட்டத் தூக்கிப் பிடிச்சானாமே! டாக்டரே சொன்னாராம்ல, இந்த மாதிரி ஒரு புள்ள யாருக்குக் கிடைக்கும்னு."

ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் பந்தியில் யாரோ ஆரம்பித்தார்கள். நடந்தது வேறு. மாலதிக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி வந்தபோது கார் வீட்டுக் கொட்டகையில் சக்கரம் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றது. பிரேக் மாற்றுவதற்காக முந்தின நாள் சூர்யாதான் நாலையும் கழற்றியிருந்தான். மில் லாரி லோடோடு திருச்சி போயிருந்தது. துரைக்கண்ணுவும் அதில் போயிருந்தான். நூற்றெட்டுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. போனார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த சிறிது நேரத்தில் அவள் உயிர் போயிற்று. ஆம்புலன்ஸ் வந்ததைத் தெருவில் பார்த்தவர்களும் உண்டு. அவர்களே பிறகு கார் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

பஞ்சநதம் அதை மறுத்ததில்லை. வீட்டு விஷயத்தைத் தெருவில் வைத்துத் திருத்துவது அவர் வழக்கம் இல்லை. தவிர, அந்தக் கதையில் குடும்பத்துக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

சூர்யா பட்டையை அவிழ்த்தான். கூண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தான். நாலு தராசிலும் எண்கள் சட்டென்று இறங்கி நின்றன.

"அன்சார் ஓட்டட்டும். அத்தை சொல்றதுதான் சரி. நான் மலை ஏறக் கூடாது."

அவன் வாய்க்கால் பக்கமாக நடந்துபோனான். துரைக்கண்ணு, "நான் நல்லதாத்தானே சொன்னேன்?" என்று எல்லார் முகத்தையும் பார்த்தான்.

"நீ நல்லதாத்தான் சொன்னே. போய் பலகையைப் பாரு" என்றார் பஞ்சநதம்.

அன்சார் காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டான். தயங்கித்தான் பேசினான்.

"மாமா, அவன் ஏன் காரைத் தொட மாட்டேங்கிறான்னு நீங்க கேட்கவே இல்ல."

"அம்மா ஞாபகம்."

"அது மட்டும் இல்ல. எவனைப் பார்த்தாலும் முதுகுல தட்டிப் பறந்தியே பறந்தியேங்கிறான். இவன் இல்லைன்னு சொல்லிப் பார்த்தான். அடக்கமான புள்ளைன்னு அதுக்கும் ஒரு தட்டு தட்டுறாங்க. அப்பா ஒரு வார்த்தை சொன்னா நின்னுடும், அப்பா ஏன் சொல்ல மாட்டேங்கிறாருன்னு என்கிட்ட கேட்டான். ஒருவேளை அப்பாவுக்கு அந்தக் கதைதான் பிடிச்சிருக்கோ, நெஜமா நடந்ததுக்காக என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலையோன்னும் கேட்டான்."

பஞ்சநதம் வேட்டியின் மடிப்பைச் சரி செய்தார்.

"நம்ம வீட்டு விஷயத்தை நாம வெளியில பேசறதில்லை, அன்சார்."

"சரிங்க மாமா."

"நீ உட்காரு. எடையைப் பாரு."

அன்சார் உட்கார்ந்தான். எண்கள் எகிறின. "தம்பி, ஒரு மூட்டைக்கு மேலேயே இருக்கீங்க" என்று துரைக்கண்ணு வாய் தவறிச் சொன்னான். பூவம்மாள் சிரித்துவிட்டுச் சிரித்ததற்காக முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வளையங்களை முதலிலிருந்து திரும்பத் திருக வேண்டியிருந்தது. பொழுது சாயும்வரை பஞ்சநதம் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தயத்துக்குப் பெயரை மாற்றிக் கொடுத்தார்கள். ஓட்டுபவர் அன்சார், வண்டி சூர்யபிரகாஷுடையது. காரை மில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூவம்மாள் வாசலில் நின்று, "அடிவாரத்தோட நில்லுங்க" என்றாள். பஞ்சநதம் அதற்கு ஒப்புக்கொண்டுதான் கிளம்பினார்.

மலையைப் பார்த்ததும் அவருக்குக் குளிர் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. பாதை புறப்படும் இடத்தில் தார் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப்பக்கம் தகப்பனும் மகனும் நின்றார்கள். கார்களைச் சோதிப்பவர்கள் ஜென்னைக் குனிந்து பார்த்து, கூண்டைத் தட்டிப் பார்த்து, நம்பர் ஒட்டினார்கள். மதிவாணன் என்று ஒருவர் பந்தலில் மைக் பிடித்து ஒவ்வொரு வண்டியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல குரல். பாண்டிச்சேரி வக்கீல் ஒருவர் வண்டி போயிற்று. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி போனாள். வளைவுகளில் சத்தம் தேய்ந்து மேலே மறைந்துகொண்டே இருந்தது.

ஜென் கோட்டுக்கு வந்தது.

"அடுத்து வர்றது வெறும் கார் இல்லைங்க" என்றார் மதிவாணன். "மன்னார்குடிப் பக்கத்திலேருந்து வந்திருக்கு. லாரி டிரைவர் அண்ணன் இப்பத்தான் சொன்னாரு, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. இந்த வண்டியை உருவாக்கின தம்பி சூர்யபிரகாஷ், சாகக் கிடந்த தாயை இதே கார்ல வச்சு தஞ்சாவூருக்குப் பறந்தவரு. ரயில்வே கேட்டே வழி விட்டுதாம். அம்மாவைக் காப்பாத்த முடியலை. ஆனா அந்தத் தாய் மகன் ஓட்டின வேகத்தைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடினாங்க. எங்க, ஒரு கைதட்டல்!"

கூட்டம் கை தட்டியது. தொப்பி போட்ட யாரோ ஒருவர் வந்து சூர்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்னால் இன்னொருவர் வந்தார். அவன் கையை அவர்களிடமே விட்டுவிட்டு நின்றான், நிறுக்கக் கொடுத்த சாமான் போல. கொடி இறங்கியது. ஜென் வீறிட்டு முதல் வளைவில் ஏறியது. அவன் காரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். கேட்கவில்லை, பார்த்தான், அவ்வளவுதான்.

பழியிலிருந்து குடும்பத்தின் பெயரைக் காப்பது பஞ்சநதத்துக்கு வாலிபத்திலிருந்தே தெரியும். புகழிலிருந்தும் காக்க வேண்டிவரும் என்று அவர் நினைத்ததில்லை.

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு நடந்தார்.

"நான் மாலதியோட வீட்டுக்காரன். நீங்க சொன்னதுல ஒரு தப்பு இருக்கு."

மதிவாணன் மைக்கைக் கையால் மூடினார். "ஐயா, உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. தப்புன்னா சொல்லுங்க, நான் அப்புறமா திருத்திச் சொல்லிடறேன்."

"நீங்க சொன்ன இதே மைக்குலதான் நான் சொல்லணும்."

மதிவாணன் அவர் நின்ற நிலையைப் பார்த்தார். மைக்கைக் கொடுத்துவிட்டார். மேலே எங்கோ ஜென்னின் சத்தம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பஞ்சநதம் மைக்கை வாயருகே கொண்டுபோகாமல், நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார். கேட்கும்படியாகவே இருந்தது.

"இப்ப சொன்னது சரியில்லை. எங்க ஊர்லயும் இப்படித்தான் சொல்றாங்க, அதுவும் சரியில்லை. அந்தக் கார் என் மனைவியை எங்கேயும் கொண்டுபோகலை. அன்னிக்கு அதுக்குச் சக்கரமே கிடையாது, கட்டை மேல நின்னுது. நூத்தெட்டு வண்டிக்குச் சொன்னோம், வந்துது, அதுலதான் போனா. கேட்டும் இல்லை, ரயிலும் இல்லை. என் மகன் ஓட்டலை. அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தான்."