இரண்டு கார்டுகளும் ஒரு ‘நீங்க’வும்

1

இந்தக் கதை ஒரு அட்டவணையிலிருந்து பிறந்தது. மறைத்துப் பயனில்லை. இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை வரிவரியாக ஒப்பிட்ட அட்டவணை. கேட்டவள் என் மனைவி. பதினொரு மாதமாக வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கணினியில் கட்டிக் காட்டுவது அவள் வேலை. சாதனங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் வேலை. பொடி எழுத்தை நான் பொறுமையாகப் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். பழைய கார்டு சாகக் கிடக்கிறது, திரையில் கோடு கோடாக விழுகிறது, அடுத்த வாரம் ஒரு மருத்துவமனைக் கட்டட வேலை தொடங்குகிறது, அதற்குள் எதை வாங்குவதென்று தெரிய வேண்டும் என்றாள். கடைசியில், “நீங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும்” என்றாள்.

நீங்க. எட்டு வருடம் என்னை ‘நீ’ என்றே கூப்பிட்டவள். “அந்த ஊருக்கு நான் வரல, வேணும்னா நீ போ” என்று நான் சொன்ன நாளிலிருந்து எனக்கு இந்த மரியாதை கிடைத்துவருகிறது. அந்தப் பழைய ‘நீ’ திரும்பக் கிடைக்குமா என்பதுதான் கதை. கார்டு ஒரு சாக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்துவிட்டு, சார், உங்களுக்கு’ – அடித்துவிட்டேன். கடைக்காரரே கிடையாது. என் முகத்தை மறைக்க ஒரு ஆளைக் கூட்டிவந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

[அட்டவணையின் சுருக்கம். பெரியது: நினைவகம் 48 ஜிபி, 300 வாட், ஒரு கட்டடப் படத்தை முடிக்கப் பதினொரு நிமிடம். சின்னது: 20 ஜிபி, 130 வாட், பத்தொன்பது நிமிடம். அவளுடைய ஆகப் பெரிய வேலைகூடப் பதினாறு ஜிபியைத் தாண்டாது. பெரியதற்கு வேண்டிய மின்சாரத்தை அவள் கணினி கொடுக்காது.]

ஆக, முதல் நாளே விடை தெரிந்துவிட்டது. சின்னது போதும். நான் சொல்லவில்லை. சொன்னால் போன் நின்றுவிடும்.

3

(இந்த ஆள்மேல் உங்களுக்கு வெறுப்பு வரலாம். நல்லவனாகக் காட்ட ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் அட்டவணையின் ஒரு வரியைப் பற்றிப் பேசினோம். திங்கட்கிழமை, நினைவகம். செவ்வாய்க்கிழமை, நீளம். பெரியது கணினிப் பெட்டிக்குள் நுழையுமா, அளந்து சொல் என்றேன். அளந்தாள். கணினி கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கட்டில் ஒற்றைக் கட்டில் என்பதும்.

என் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “ஒரு கார்டுக்கு ஒரு வாரமாடா? அவ பொழப்பக் கெடுக்காத” என்றாள். நியாயம்தான். என் மனைவியோ அங்கே தோழியின் கணினி எப்போது காலியாகும் என்று காத்திருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை, விசிறிச் சத்தம். பெரியது கொஞ்சம் இரையும், தூங்குகிற அறையிலேயே இருப்பதால் யோசிக்க வேண்டும் என்று இழுத்தேன்.

“உன் குறட்டையவே எட்டு வருஷம் கேட்டவ நான்” என்றாள்.

உன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, மீதியப் பாத்துச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை போன் வரவில்லை. ஒரு பக்கம்கூட மொழிபெயர்க்கவில்லை நான். அவளுக்காக ஏங்குகிறேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

4

முடிவு ஒன்று: நான் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். “எனக்கும் முதல் நாளே தெரியும்” என்று அவள் சிரிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என் ஆசை, நடந்ததல்ல.

முடிவு இரண்டு: சின்ன கார்டை நானே வாங்கி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறேன். அவள் கதவைத் திறந்து, – இல்லை. என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று தெரியாமல் அடுத்த சொல்லை எழுத முடியவில்லை.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டேன். “சின்னதே போதும். ஞாயித்துக்கிழமையே தெரியும். நீ தினமும் பேசணும்னுதான் இழுத்தேன்” என்றேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஒலி மட்டும் கேட்டது. ஆர்டர் போட்டுவிட்டதாகச் சொன்னாள். பிறகு, “வேற ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

நம் மொழியில் இப்படியொரு வசதி. நீயும் இல்லாமல், நீங்களும் இல்லாமல், ஒரு கேள்வியை முழுசாகக் கேட்டுவிடலாம்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் போனை வைத்துவிடுவாள். இந்தப் பக்கத்தில் இன்னும் வைக்கவில்லை, மூச்சு கேட்கிறது. நீங்கள் சொல்லுங்கள், அந்தக் கேள்விக்குள் இருப்பது நீயா, நீங்களா? இந்த முறை நான் இழுத்தடிக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.