ரஸ் டிலார்டின் பந்துகள்

1968 மே பதினான்காம் தேதி மாலை, தொள்ளாயிரம் மைல் தள்ளி ஒரு பெரிய பேஸ்பால் மைதானத்தில் ரஸ் டிலார்ட் வீசிய பந்து, அமெரிக்காவின் டகோட்டாவில் ஹார்லோ என்ற ஊரில், வெர்ன் ஹால்வர்சனின் சமையலறை ஜன்னல் வழியாக வந்து அவன் கையுறையில் விழுந்தது. கொசுவலை கிழியவில்லை. மேசையில் உட்கார்ந்து அந்தப் பழைய கையுறைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த வெர்ன் பந்தைத் திருப்பிப் பார்த்தான். அது யார் வீசியது என்று அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இருவரும் சின்ன லீக்கில் ஒரே அணி. ரஸ் வீசுவான், வெர்ன் பிடிப்பான். எந்த வீச்சு வேண்டும் என்று பிடிப்பவன்தான் குந்தியபடி தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவான். ஒன்று என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. பெரிய லீக்கிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்க வந்திருந்த அன்று வெர்ன் இரண்டு காட்டினான். ரஸ் வேண்டுமென்றே வேகமாக வீசினான். பந்து வெர்னின் வெறும் கையில் பட்டுக் கட்டைவிரல் முறிந்தது. “பாவம், ஹால்வி ஒண்ணுதான் காட்டினான், குழம்பிட்டான்போல” என்று ரஸ் மேலாளரிடம் சொன்னான். ரஸ்ஸை மேலே, பெரிய லீக்குக்குக் கூட்டிப்போனார்கள். கோணல் விரலோடு வெர்ன் இன்னும் பதினோரு வருடம், ஒன்பது ஊர்களுக்காக, பேருந்துகளில் தூங்கி எழுந்து ஆடினான். போன ஊரிலெல்லாம் கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: “ஹால்வர்சன், விரல் எண்ணப் படிச்சிட்டியா?” ஒவ்வொரு முறையும் அவன், பந்து பிடிப்பவன் அணியும் முகமூடிக்குள் ரஸ்ஸின் பெயரைச் சொல்லிக்கொள்வான். வேறு யாரையும் அத்தனை முறை அவன் நினைத்ததில்லை, மனைவி அர்டிஸைக்கூட.

ஜூனுக்குள் ரஸ் வீசிய எல்லாப் பந்துகளும் ஹார்லோவுக்கு வந்தன. விதிப்புத்தகத்தில் இதற்கு வழியில்லாததால் நடுவர்கள் ஒவ்வொன்றையும் தவறான வீச்சாக எழுதினார்கள். பகல் ஆட்டங்களுக்காக வெர்ன் தானியக் கிடங்கு வேலைக்கும் கையுறையை எடுத்துப்போனான். பந்துகள் கொட்டகையில் குவிந்தன.

ஜூலையில் ரஸ் பெரிய காரில் வந்து இறங்கினான். அர்டிஸ் சுட்டு வைத்த, புளிப்பும் இனிப்புமான ருபார்ப் அப்பத் துண்டை முழுதும் தின்று, இன்னொரு துண்டும் கேட்டான்.

“ஹால்வி, நீ ரெண்டுதான்டா காட்டினே. எனக்குத் தெரியும்.”

“எனக்கும்தான் தெரியும். ரேடியோவுல சொல்லு.”

“ரேடியோவுலயா? எனக்குன்னு ஒரு பேரு இருக்குடா.”

“எனக்கும் இருந்துச்சு. அதை மிதிச்சுத்தானே நீ மேல ஏறின?”

ரஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். மறுவாரம் அவனை அணியிலிருந்து நீக்கினார்கள். வெர்ன் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஆகஸ்டில் இளஞ்சிவப்பு ரப்பர் பந்து ஒன்று வந்தது. அதில் கோணல்மாணலான எழுத்தில் ‘பெக்கி டிலார்ட்’ என்று எழுதியிருந்தது.

“அவன் மகளோடதா இருக்கும்,” என்றாள் அர்டிஸ். “கொல்லையில அவளுக்குப் போட்டிருப்பான். வெர்ன், போதும். விட்டுடு.”

“நான் எங்க பிடிச்சு வச்சிருக்கேன்? அதுவா வருது.”

“ஆமா, கையுறையும் அதுவாத்தான் உன் கையில ஏறுது.”

செப்டம்பர் முதல் ஞாயிறு ரஸ் ரேடியோவில் பேசினான். இரண்டு விரல்தான், வெர்ன் தப்பு செய்யவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றான். குரல் உடைந்திருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் வரிசையாக வெர்னின் கையைக் குலுக்கினார்கள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவிழும் என்று அவன் காத்திருந்தான். அவிழவில்லை. பன்னிரண்டு வருடமாக அவனை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தது ரஸ் மேலிருந்த அந்த வன்மம்தான் என்பதும், அது போனால் உள்ளே வேறெதுவும் இல்லை என்பதும் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ரஸ் பெக்கிக்குப் போட்ட பச்சைப் பந்து ஒன்று வந்தது. நினைப்பதற்குள் வெர்ன் பிடித்துவிட்டான். மெத்தென்றிருந்தது, கை வலிக்கவேயில்லை.

“இன்னுமா?” என்றாள் அர்டிஸ்.

“இன்னும்தான்.”

அவள் வண்ணப் பந்துகளுக்கென்று கதவோரம் தனிக் கூடை ஒன்று வைத்தாள். அக்டோபருக்குள் அது நிறைந்தது, இன்னொன்று வாங்கினார்கள்.