சிவப்புக் கோட்டும் பித்தளை டிரம்மும்

வீரமலை ரத்தினவேலுக்குத் தரவேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

பாலக்கரையில் ரத்தினவேல் மாதிரி பேண்டு செட்டு வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள். கூடவே ஒரு சிவப்புக் கோட்டும் கொடுப்பார்கள். கணக்கு முடிகிற அன்று முதலாளியே அந்தக் கோட்டைத் திரும்ப வாங்கிக் கொக்கியில் மாட்டவேண்டும். அதுவரை வேறு எந்த செட்டிலும் அந்த ஆள் கையில் குச்சி கொடுக்கமாட்டார்கள். டிரம் அடிக்கிற வீரமலை அந்தக் கோட்டுக்குள் நுழைந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஐப்பசியில் கொஞ்சம் கழியும், மார்கழியில் கழிந்ததற்கு மேல் ஏறிக்கொள்ளும்.

இப்போது முழங்கால் விட்டுப்போய்விட்டது. ஊர்வலத்தில் நடந்துவிட்டு வந்தால் மறுநாள் படி இறங்க முடியவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர் ரெங்கராஜ், வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை.

"ஆனா ரத்தினவேல் நம்ம மண்டபத்துக்கு வாசிக்கறவர். அவர் கணக்கை முடிச்சுண்டு வாங்கோ, எனக்கு மனஸ்தாபம் வேண்டாம்" என்றும் சொல்லியிருந்தார். நாளை ஒன்றாம் தேதி. நாளைக்குள் போகாவிட்டால் வேறு ஆள்.

ரத்தினவேலிடம் கேட்டதற்கு அவர் ஒரு வழி சொன்னார். செட்டில் ஒரு பழைய பித்தளை சைடு டிரம் கிடந்தது. அவர் அப்பா ஏலத்தில் எடுத்த வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். உறையூரில் ரெக்கார்டிங் வைத்திருக்கிற சித்தார்த் என்பவர் அதைக் கேட்டிருந்தார்.

"சாயங்காலம் வந்து வாசிச்சுப் பாப்பாரு. புதுத் தோல் போட்டு சுதி வைங்க. அவருக்குப் புடிச்சு வித்துட்டா உங்க கணக்கு முடிஞ்சதுண்ணே" என்றார் ரத்தினவேல். வயதில் சின்னவர். எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

வீரமலை காலையிலேயே பெரிய கடை வீதியில் இம்தியாஸ் கடைக்குப் போனார். இப்போது வருவது எல்லாம் பிளாஸ்டிக், ஆனாலும் தோல் என்றுதான் பேர்.

"தெருவுக்கா, ரூமுக்கா?" என்று கேட்டார் இம்தியாஸ்.

"டிரம்முன்னா டிரம்தானே பாய். கெட்டியா குடுங்க. ரெண்டு பக்கமும்."

"கீழயும் கெட்டியா? தப்பு மாமு."

"மெல்லிசா போட்டா மொத மழைக்கே கிழிஞ்சுடும். பதினோரு வருஷமா இதத்தான் போடுறேன்."

வாங்கிவந்து மாட்டி, எட்டுத் திருகையும் சாவி போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். செட்டில் டிரம் தளர்ந்திருந்தால் அது மானக்கேடு. வெடிச் சத்தத்தையும் தாண்டி மூன்றாவது தெருவுக்குக் கேட்கவேண்டும்.

மழை தூறியது. செட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குச்சியை எடுத்தார். தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அடியில் ஓடுகிற கம்பிச் சுருள் வாயே திறக்கவில்லை. கொக்கிகளில் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே நின்று மறுபடி அடித்தார். இத்தனை வருஷத்தில் நாலு சுவருக்குள் டிரம்மை அவர் கேட்டதே இல்லை. தெருவில்தான் கேட்டிருக்கிறார்.

ரத்தினவேல் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னண்ணே, பாத்திரக் கடையா? வேற தோல் வாங்குங்க. அந்தக் காசும் உங்க கணக்குல ஏறும்."

மறுபடி பெரிய கடை வீதி. முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் கத்தியது. இம்தியாஸ் சிரிக்கவில்லை. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

"மேலுக்கு இந்த ஒத்தத் தோல். கீழுக்கு இது, ஊதினாலே பறக்கும். பழைய டிரம்மு ஒரு மயிரிழை பெருசா இருக்கும். வளையம் சிக்குச்சுன்னா அமுக்காத, கொண்டா, வேற தரேன்."

சிக்கவில்லை. மேல் தோல் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. வீரமலை ஒரு திருகு, அதற்கு எதிர்த் திருகு என்று மாற்றி மாற்றிக் கொஞ்சமாக முறுக்கினார். ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் குச்சி நுனியால் தட்டினார். ஒரே குரல் வரும்வரை தட்டினார். பிறகு எல்லாவற்றையும் கால் சுற்றுத் தளர்த்தினார். அதுதான் கஷ்டம். தளர்த்தும்போது யாரோ பார்த்துச் சிரிக்கிற மாதிரி கை கூசியது. கீழ்த் தோலை மட்டும் நன்றாக இழுத்துக் கட்டினார். மெல்ல ஒரு அடி. கம்பி மணல் கொட்டியது மாதிரி பேசிற்று.

சித்தார்த் நாலு மணிக்கு வந்தார். வாசித்தார். நிறுத்தாமல் வாசித்தார்.

"ரொம்ப நல்லாருக்குங்க. நாளைக்குக் காலைல பணத்தோட வண்டி கொண்டாரேன். இத யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் காட்டூரில் மாப்பிள்ளை அழைப்பு இருந்தது. வீரமலை கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நின்றார். காலரில் வியர்வை உப்புப் பூத்திருந்தது.

"அப்ப என் கணக்கு, மொதலாளி?"

"பாக்கலாம்ணே. பணம் கைக்கு வரட்டும். வைகாசி முகூர்த்தம் பூரா கெடக்கு, நீங்க போயிட்டா யாரு அடிப்பா? வைகாசி கழியட்டும்."

வைகாசி கழிந்தால் ஆனி. ஆனி கழிந்தால் ஆடி. வீரமலை பித்தளை டிரம்மைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சாவியை முதல் திருகில் போட்டு ஒரு முழுச் சுற்று முறுக்கினார். தோல் கிறீச்சிட்டது.

"என்ன பண்றீங்க?"

"நான் அடிக்கிற டிரம்முல அடித்தோல் கிழிஞ்சு கெடக்கு. காட்டூருக்கு இத எடுத்துட்டுப் போறேன். தெருவுக்கு இந்த இறுக்கம் பத்தாது."

"அது வித்தாச்சுண்ணே."

"வித்தாச்சுன்னா என் கணக்கு முடிஞ்சுது. விக்கலன்னா இது செட்டு டிரம்மு, நான் செட்டு ஆளு." சாவி இரண்டாவது திருகுக்குப் போனது. "மழையில நனைஞ்சா பரவால்லீங்களா?"

ரத்தினவேல் டிரம்மைப் பார்த்தார். ஷட்டருக்கு வெளியே தூறலைப் பார்த்தார்.

"கோட்டைக் கழட்டுங்க" என்றார். "உங்க கணக்கு முடிஞ்சுது. தோல் காசும் சேத்துத்தான்."

வீரமலை உடனே கழற்றவில்லை. முறுக்கிய திருகைத் திருப்பித் தளர்த்தி, தட்டி, எதிர்த் திருகின் குரலோடு சேர்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் பொத்தானில் கை வைத்தார். வியர்வையில் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தினவேலே பிடித்து இழுத்து வாங்கிக் கொக்கியில் மாட்டினார்.

வெளியே காட்டூர் வேன் ஹாரன் அடித்தது. பழக்கத்தில் கால் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டது. வீரமலை நின்றார். பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தூறலில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நடந்தார்.