ஏழிலிருந்து எட்டு வரை

உலகநாதன் தன் மகளைப் பார்ப்பதற்குக் கோர்ட் கொடுத்திருந்த நேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றிலிருந்து மாலை ஏழு வரை. அந்த வருடம் தீபாவளியும் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷினில் நிற்கிறவன், போனஸ் வந்த அன்றே ஒரு பெட்டி நிறைய புஸ்வாணமும் சங்கு சக்கரமும் கம்பி மத்தாப்பும் வாங்கி, திருவேற்காட்டு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்தான். மாலையில் பட்டாசு கொளுத்த அனுமதி ஏழிலிருந்து எட்டு வரைதான் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. இரண்டு ஏழும் முட்டிக்கொள்ளும் என்பதுதான் சனிக்கிழமை வரை உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு வெள்ளானூரிலிருந்து ஆட்டோ வந்தது. பிரிந்துபோன மனைவி சௌம்யா வண்டியை விட்டு இறங்காமலேயே மகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நேத்ராவுக்கு எட்டு வயது. வந்ததும் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"காலையில ஊட்ல கொளுத்துனியா?"

"இல்லப்பா. தாத்தாவுக்கு மூச்சு வாங்கும்னு அம்மா வாங்கவேல்ல. உங்கிட்ட வந்து கொளுத்திக்கலாம்னு சொன்னாங்க."

பிரியாணியைப் பிரித்துத் தட்டில் வைத்தான்.

ஐந்து மணிக்குத் தெருவில் போலீஸ் ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டே போனது. அனுமதித்த நேரத்துக்கு வெளியே வெடித்தால் வழக்குப் பதிவு செய்யப்படும். ஜீப் முனை திரும்பியதும் பக்கத்துத் தெருவில் ஒரு சரம் வெடித்தது. கீழ்வீட்டு அஞ்சலை மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உசாரா இரு நைனா. பின்னாடி தெருவுல ரெண்டு பேரைக் கூட்டிகினு போய்ட்டாங்களாம்."

"அவங்க மட்டும் வெடிக்கிறாங்களே, நாம ஏன்ப்பா வெடிக்கக் கூடாது?" என்றாள் நேத்ரா.

மகள் மாதத்தில் இரண்டு இரவாவது தன்னோடு தங்க வேண்டும் என்று அவன் மனு போட்டிருந்தான். இந்த நேரத்தில் உங்கள் பேரில் ஒரு சின்ன கேஸ்கூட வரக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஜூன் மாதம் ஒருமுறை அவனே கூட்டிப்போனபோது பஸ் நின்றுபோய் அவளை நாற்பது நிமிடம் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதே எதிர்த்தரப்பு வக்கீலின் காகிதத்தில் ஏறியிருந்தது. ஏழுக்கு முன்னால் கொளுத்தினால் போலீஸ். ஏழுக்குப் பிறகு மகளை நிறுத்திவைத்தால் கோர்ட்.

ஆறரைக்குப் பெட்டியைக் கேட்டருகே கொண்டுபோய் வைத்தான். கையில் தீப்பெட்டியை எடுத்தான். ஒரே ஒரு புஸ்வாணம், யார் பார்க்கப் போகிறார்கள்? பிறகு தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சௌம்யாவுக்குப் போன் செய்தான். இரண்டு வருடத்தில் அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

பத்து நிமிடம் முன்னதாகவே ஆட்டோ வந்து நின்றது. இந்த முறை சௌம்யா இறங்கினாள்.

"போன் பண்ணீங்க போல. வண்டி சத்தத்துல கேக்கல. என்ன விஷயம்?"

அவன் வாய் திறப்பதற்குள் நேத்ரா ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழு மணிக்குத்தாம்மா கொளுத்தணுமாம். அப்பா ஒண்ணுகூடக் கொளுத்தல. பத்து நிமிஷம் இரும்மா."

சௌம்யா பெட்டியைப் பார்த்தாள். அதன் நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. பிறகு ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டுநர் ஆசிக் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்.

"இன்னாத்துக்கும்மா அவசரம்? நாளும் கிழமையுமா பாப்பா ஆசப்படுது. கொளுத்திட்டே வரட்டும்."

"சரி, ஏழாகட்டும்" என்றாள் சௌம்யா.

மூன்று பேரும் கேட்டருகே நின்றார்கள். இப்படி ஒரே இடத்தில் சேர்ந்து நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. நேத்ரா நிமிடத்துக்கு ஒரு தரம் அம்மாவின் செல்லைப் பிடுங்கி மணி பார்த்தாள்.

"சாப்ட்டாளா?"

"பிரியாணி. லெக் பீஸ் ரெண்டும் அவதான்."

"உங்களுக்கு?"

"ம், சாப்ட்டேன்."

அவன் சாப்பிடவில்லை. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் பார்வையிலேயே கண்டுகொண்டான். குழம்பில் உப்பு சரியாக இல்லையென்றால்கூட அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சண்டைகளின் சத்தம் எல்லாம் மறந்துபோய் இந்த ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. மணி ஏழாகாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோதே நேத்ரா கத்தினாள். "ஏழு!"

ஊரே அவள் சொல்லுக்குக் காத்திருந்தாற்போல எல்லாப் பக்கமும் வெடித்தது. அவன் மத்தாப்பைப் பற்றவைத்து அவள் கையில் கொடுத்தான். அவள் எட்டி நின்று புஸ்வாணத்தின் திரியில் வைத்தாள். ஆளுயரத்துக்குப் பொறி எழும்பியது. குனிந்திருந்த உலகநாதனின் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பற்றி இழுத்தார்கள்.

"தள்ளி நில்லுங்க!"

சௌம்யாதான். சொன்ன பிறகுதான் கையை உணர்ந்தவள்போல விட்டுவிட்டாள். வெளிச்சம் அடங்கும்வரை அவன் திரும்பவேயில்லை.

இரண்டு புஸ்வாணம், மூன்று சக்கரம். ஏழே காலுக்கு ஆட்டோ கிளம்பியது. பெட்டியில் முக்கால்வாசி மீதி இருந்தது, அனுமதித்த நேரமும் முக்கால் மணி இருந்தது. அவன் எதையும் கொளுத்தவில்லை. பெட்டியை அஞ்சலை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான்.

ஜனவரியில் பூந்தமல்லி கோர்ட்டில் அவனுடைய மனு விசாரணைக்கு வந்தது. இரவு தங்குவதை இப்போதைக்கு ஒத்திவைத்தார்கள். ஆனால் சௌம்யா தானே எழுந்து, எந்தக் கிழமையில் வந்தாலும் தீபாவளியன்று எட்டரை வரை குழந்தை அப்பாவோடு இருக்கலாம், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். அவளுடைய வக்கீலே திரும்பிப் பார்த்தார்.

வெளியே வராந்தாவில் அவன் வேகமாக நடந்து அவளை எட்டிப் பிடித்தான்.

"சௌம்யா, எட்டரைக்குக் கூட்டிட்டுப் போக நீதானே வருவே?"

"நான்தான் வரணும். வேற யாரு?"

"கொஞ்சம் முன்னாடியே வந்துடு."

அவள் பைக்குள் எதையோ தேடினாள். பஸ் பாஸ் கிடைத்தது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஆவடி பஸ் வந்து அவள் ஏறும்வரை அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.