வந்து வந்து போகிற கோளாறு

"இப்ப வருதா?" என்று அப்பாவின் முதுகு கேட்டது.

முகம் டிவி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு பூனை படுக்கிற இடத்தில், அறுபத்தெட்டு வயது மனிதர் டார்ச்சும் கையுமாகத் தன்னைச் செருகிக்கொண்டிருந்தார். முதுகும் இரண்டு குதிகால்களும் மட்டும்தான் வீட்டாருக்கு மிச்சம்.

"வருது," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. இரண்டு மூச்சு வாங்கினாள். "போச்சு."

"போச்சா? சை!"

கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சுமாக வந்த மகள் நடுக்கூடத்தில் நின்றாள். அம்மாவின் உதட்டை நனைக்க வந்தவளுக்கு, அந்தக் கிண்ணத்தை அப்பாவின் முதுகில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. காலையில் வந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, வாசலில் வைத்து மெதுவாகச் சொல்லியிருந்தார்: "இன்னிக்கு யாரும் எங்கயும் போகாதீங்க. பக்கத்துலயே இருங்க." மகள் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். தலையாட்டினார். தலையாட்டிய கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனவர்தான், மூன்று மணி நேரமாக வெளியே வரவில்லை.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கையில் வேலை இல்லாமல் உட்காரத் தெரியாது. அம்மா படுத்த புதிதில் கட்டிலருகே வருவார், போர்வையை இழுத்துவிடுவார், கூரையைப் பார்ப்பார், குட்டி போட்ட பூனை மாதிரி நாலு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குப் போய்விடுவார். அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார். மனைவி எலும்பும் தோலுமாகப் படுத்திருப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அது மகளுக்குப் புரியத்தான் செய்தது. புரிந்தால் கோபம் வரக்கூடாது என்று சட்டமா என்ன?

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் இந்தக் கோளாறு ஆரம்பித்தது. ஓய்வு பெற்றபோது ஆசையாக வாங்கிய ஹோம் தியேட்டர். செட்டாப் பாக்ஸிலிருந்து ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கறுப்புப் பெட்டியான ரிசீவருக்கு, அதிலிருந்து இன்னொன்று டிவிக்கு, சுற்றி ஐந்து ஸ்பீக்கர். அம்மாவின் நாடகத்தில் யாராவது கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார். ஒரு நாள் காலை திடீரென்று படம் போனது. கொஞ்ச நேரத்தில் தானே வந்தது. பிறகு மத்தியானம் போனது.

"சுத்தமா நின்னு போன லிஃப்டை அரை மணி நேரத்துல ஓட்டிடலாம். வந்து வந்து போகுது பாரு, அதுதான் மனுஷனைக் கொல்லும்," என்று சொல்லிக்கொண்டே அப்பா சட்டையை மடித்துவிட்டார்.

எல்லாவற்றையும் அணைத்து முதலில் டிவி, பிறகு ரிசீவர், பிறகு பாக்ஸ் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார். கேபிளை மாற்றினார். நீளம் கூடினால் சிக்னல் தளரும் என்று குட்டையான கேபிள் வாங்கிவந்தார். ரிசீவர் சூடாகிறதோ என்று அதன் தலையில் ஒரு சின்ன மின்விசிறியை வைத்தார். ஒவ்வொன்றையும் அம்மாவுக்கு விளக்கினார். "ரெண்டு மெஷினும் முதல்ல ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கும். நீ யாரு, உன்னால என்ன காட்ட முடியும்னு. சரியான பதில் வரலேன்னா கோவிச்சுக்கிட்டு படத்தை நிறுத்திடும்."

"நம்ம சம்பந்தி மாதிரி," என்றாள் அம்மா. அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

ரிசீவரை ஒதுக்கிவிட்டு பாக்ஸை நேராக டிவியில் மாட்டியதும் படம் நாள் முழுக்கப் போகாமல் ஓடியது. அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா முகத்தைச் சுளித்தாள். "தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்குங்க சத்தம். எனக்கு உங்க தியேட்டர் சத்தம்தான் வேணும்." அவள் எதையும் வேண்டும் என்று கேட்டே மாதக்கணக்காகியிருந்தது. மறுபடி ரிசீவரை மாட்டினார். மறுபடி படம் போனது. சரியான விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதை.

முறையாகக் கண்டுபிடிப்போம் என்று ஒரு நோட்டுப் போட்டார். எத்தனை மணிக்குப் போனது, அப்போது வீட்டில் என்ன நடந்தது. ஒரு வாரத்தில் பிடித்துவிட்டார், பிடித்ததாக நினைத்தார். அவர் எழுந்து வெளியே போகும்போதுதான் பெரும்பாலும் போகிறது. ஆக, பின்கதவு அடிக்கிற அதிர்வில் கேபிள் முனை அசைகிறது! கதவின் நாலு ஓரத்திலும் ரப்பர் ஒட்டினார். கதவு அதன்பின் கிசுகிசுப்பது போலச் சாத்திக்கொண்டது. படம் போவது மட்டும் நிற்கவில்லை.

"அப்பா, போதும். வெளிய வந்து அம்மா பக்கத்துல உக்காருங்க," என்றாள் மகள் இப்போது.

அம்மா விரலை மட்டும் அசைத்தாள். "விடு பாப்பா. வேலை செய்யட்டும்."

மகள் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். டிவியில் நாடகம் ஓடியது. அதில் ஒருத்திக்கு மூன்று வாரமாக ஞாபகம் திரும்பவில்லை. ஒரு மணிக்குப் படம் போனது, வந்தது. இரண்டு மணிக்குப் போனது, வந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து அப்பா பேசிக்கொண்டே இருந்தார்: இந்த முனையைத் துடைக்கிறேன், அந்த வயரை ஓரமாக இழுக்கிறேன், இது இப்படி மடங்கியிருக்கக் கூடாது. அம்மா கண்ணை அந்தப் பக்கமே வைத்திருந்தாள். அவளுடைய "வருது" வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தது.

"கேபிளைத் தலைகீழாத் திருப்பி மாட்டிட்டேன். இப்ப வருதா?"

திரையில் படம் பளிச்சென்று இருந்தது. அம்மா பதில் சொல்லவில்லை.

"வருதான்னு கேக்கறேன்ல?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு வெளியே போயிருந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

"இப்ப?" என்றார் அப்பா.

"வருதுப்பா," என்றாள் மகள். "நல்லா வருது. நீங்க வெளிய வாங்க."

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருமே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்களா?" ஆறுதலுக்குக் கேட்கிற கேள்விதான். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அப்பா தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்ததும் கேட்டவர்களும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன் பாப்பா." மகளுக்கும் அதே கோபம்தான் நெஞ்சில் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையிலிருந்து அப்பா நோட்டும் பேனாவுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் கட்டிலைக் கலைத்துக்கொண்டிருந்தாள். வாடகைக் கட்டில், மாலையில் வந்து எடுத்துப்போவார்கள்.

"ஆறு மணி நேரம் ஆச்சு," என்றார். "ஒரு தடவைகூடப் போகல. அவ போனதும் தானா சரியாயிடுச்சு. மூணு நாள் முன்னாடி இது சரியாகியிருந்தா நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்ல?"

தலையணை உறையை உருவும்போது மகளின் கையில் கெட்டியாக ஏதோ பட்டது. வெளியே எடுத்தாள். ரிசீவரோடு வந்த இரண்டு ரிமோட்டில் சின்னது. எப்போதோ தொலைந்துபோனது. எடுக்கும்போதே கட்டைவிரல் ஒரு பொத்தானில் அழுந்தியது.

திரை இருண்டது.

"போச்சு!" என்று அப்பா துள்ளி எழுந்தார். குரலில் சந்தோஷம் மாதிரி ஏதோ இருந்தது. "பாத்தியா? போச்சு! மணி என்ன?" நோட்டில் எழுதக் குனிந்தார்.

மகள் மறுபடி அழுத்தினாள். ஓரிரு நொடியில் படம் வந்தது.

ரிமோட்டை உறைக்குள்ளேயே போட்டுவிடலாம். அப்பாவுக்கு ஒரு வேலை இருக்கும். காலம் முழுக்கக் கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறு இருக்கும். முப்பத்தாறு வருட மெக்கானிக்கை, படுக்கையில் கிடந்தவள் மூன்று வாரம் ஏமாற்றினாள் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் சொல்லாவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்றே அவர் சாவார்.

"அப்பா, இது அம்மா தலைகாணிக்குள்ள இருந்துச்சு."

வாங்கிப் பார்த்தார். ரிசீவர் முன்னால் போய்க் குந்தினார். அதன் நெற்றியில் நீல எழுத்து எரியும். அது கண்ணைக் குத்துகிறது என்று மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மா சொன்னதால், அவரே மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். அதை உரித்தார். பொத்தானை அழுத்தினார். 'அவுட் 2' என்று எழுத்து வந்தது, படம் போனது. அழுத்தினார். 'அவுட் 1', படம் வந்தது. பெட்டியிலிருந்து படம் வெளியே போக இரண்டு வழி. ஒன்றில் டிவி. இன்னொன்றில் எதுவும் இல்லை. இந்த எழுத்தைப் பார்த்திருந்தால் முதல் நாளே சிறுபிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

நோட்டைப் புரட்டினார். வாய்விட்டுப் படித்தார். "ஒன்பது நாப்பது. ஷெட்டுக்குக் கிளம்பினேன், போச்சு. பதினொண்ணு அஞ்சு. ஷெட் சாவியை எடுத்தேன், போச்சு. நாலு இருபது. செருப்பு மாட்டினேன், போச்சு." நிமிர்ந்தார். "கதவுன்னு நினைச்சேன் பாப்பா. ரப்பர் ஒட்டினேன்!"

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் சிரித்தார். அதிலேயே அழுகையும் வந்துவிட்டது. மூன்று நாளாக வராத அழுகை. மகளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்றிருந்தது. அந்த விரல் கடைசி நாளில் எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்றும் இருந்தது.

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"சொல்லியிருந்தா இருந்திருப்பீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "அஞ்சு நிமிஷம்," என்றார்.

மறுநாள் காலை அப்பாவின் பழைய கூட்டாளி ஊரிலிருந்து வந்தார். வேலைக்காலம் முழுக்க 'ஸ்பேனர்' என்றே அழைக்கப்பட்டவர். மகளுக்கு ஸ்பேனர் மாமா. சேதி கேட்டு முதல் வண்டி பிடித்திருக்கிறார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, எல்லாரும் கேட்டதையே அவரும் கேட்டார்.

"கடைசி நேரத்துல கூட இருந்தியாடா?"

டீத்தட்டோடு வந்த மகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இருந்தேன்டா," என்றார் அப்பா. "மூணு வாரம் இருந்தேன். அவ எங்க விட்டா? கையைக் காட்டு, சொல்றேன்."

ஸ்பேனர் மாமாவின் உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒரு பெட்டி வரைந்தார். அதிலிருந்து இரண்டு கோடு இழுத்தார். "இங்க டிவி. இங்க ஒண்ணும் கிடையாது. புரியுதா?" மாமா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, இல்லாத அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தார்.