தொப்புளில் பஞ்சர்

மகள் பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகியும் அவளை ஒரு தடவைகூடத் தூக்காத அப்பனைப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சர் கடைக்காரர் அப்படித்தான் இருந்தார். பாசம் இல்லாமல் இல்லை, கைதான் காரணம். பதினெட்டு வருஷமாக ரப்பரோடும் கிரீஸோடும் குடித்தனம் நடத்திய கை அது. எந்தச் சோப்புக்கும் மசியாத கருப்பு ரேகை ரேகையாக ஏறிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ், "தொப்புள்கொடி காய்ஞ்சு தானா விழணும். அழுக்குக் கை படக் கூடாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். போதாதா? மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மனிதர் தொட்டில் பக்கம் நகர்ந்தாலே "கை!" என்பாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தார். நாற்றம் என்று துரத்தினாள். எலுமிச்சம்பழத்தால் தேய்த்தார், கை எரிந்ததுதான் மிச்சம். பெற்ற பிள்ளையை எட்ட நின்று பார்க்கிற கொடுமை எதிரிக்கும் வரக் கூடாது.

பதினோராம் நாள் கொடி விழுந்தது. "இனிமே தூக்கலாம்ல?" என்று ஆசையாக வந்தார்.

"உள்ளே இன்னும் ஈரமா இருக்குங்க. காயட்டும்."

எங்கே காய்ந்தது? தொப்புள் குழிக்குள் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஒரு மணி முளைத்து, ஓயாமல் கசிந்தது. பஞ்சால் ஒற்றி எடுத்தால் அரை மணியில் மறுபடியும் ஈரம். "தானா சரியாயிடும்" என்று மனைவியின் வாய் சொல்லும், முகம் வேறு சொல்லும். பஞ்சர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கசிவு என்றால் ஓட்டை இருக்கிறது. அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். ஓட்டை இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தண்ணீரில் முக்க வேண்டும், குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மேல் ஒரு வழி இருப்பதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் மனைவி அசந்து தூங்கிவிட்டாள். இதுதான் சமயம் என்று நாலு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு தொட்டிலுக்குள் கையை நுழைத்து மகளை எடுத்தார். அவள் தலை அவருடைய உள்ளங்கையில் அடங்கிவிட்டது. ஐயோ, இவ்வளவு லேசா! வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அப்புறம் கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடி, மெல்ல, தொப்புள் முழுகுகிற வரை தண்ணீரில் இறக்கினார். மகள் கண்ணை உருட்டி அப்பாவைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்து ஒரு முக்கு முக்கினாள்.

புளக். புளக். புளக்.

"ஏம்மா! எந்திரி, எந்திரி! குழந்தைக்குக் காத்து போகுது!"

மனைவி பதறி எழுந்து, குழந்தையைப் பிடுங்கித் துணியில் சுற்றி, கிடைத்த வண்டியில் ஏறினாள். வழி நெடுக ஒரே பாட்டு. "உங்களை யாரு தொடச் சொன்னா? அந்தக் கை பட்டுத்தான் என்னமோ ஆயிருக்கு."

அவருக்கும் அதே பயம்தான். தன் கையால் மகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இனி அவளைத் தொடுவதே இல்லை என்று உள்ளுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டார்.

குழந்தைகள் டாக்டர், கண்ணாடி போட்ட அம்மா. "என்னப்பா ஆச்சு?" என்றார்.

"லீக்குங்க டாக்டர். தண்ணியில போட்டுப் பாத்துட்டேன். மூணு குமிழி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"பஞ்சர் கடைங்க."

"அதானே பாத்தேன்" என்றவர், சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு குழந்தையைப் படுக்க வைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், சுற்றிலும் அழுத்தினார், குனிந்து மோந்து பார்த்தார். காய்ச்சல் உண்டா, பால் குடிக்கிறாளா, தொப்புள் வழியாகச் சிறுநீர் மாதிரி ஏதாவது வந்ததா என்று மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பயப்பட ஒண்ணுமில்லை. கொடி விழுந்த இடத்துல சதை கொஞ்சம் கூடுதலா வளர்ந்திருக்கு. நிறையக் குழந்தைங்களுக்கு வர்றதுதான்."

"அப்போ அந்தக் குமிழி?"

"அது வேற வழியா வந்த காத்து. உங்களுக்கும் வரும், எனக்கும் வரும்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பஞ்சர்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் கேட்டார், "மருந்துங்க?"

"உப்பு."

"டாக்டர், நீங்களும் கேலி பண்ணாதீங்க."

"நிஜமாத்தான் சொல்றேன். அந்தச் சிவப்பு மணி மேல மட்டும் ஒரு சிட்டிகை தூள் உப்பு. சுத்தித் தோல்ல படக் கூடாது. மேலே சுத்தமான துணி வெச்சு டேப் ஒட்டணும். அரை மணி கழிச்சு வெந்நீர்ல நனைச்ச பஞ்சால துடைச்சிடணும். காலையில, சாயங்காலம், மூணு நாளைக்கு. நடுவுல சுத்திச் சிவந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ உடனே வந்துடணும். இப்போ என் முன்னாடி ஒரு தடவை போடுங்க."

நர்ஸ் கொண்டுவந்து வைத்த உப்பை மனைவி எடுத்தாள். கை வெடவெடவென்று நடுங்கியது. மணியைத் தவிர வயிறு முழுக்க உப்பு. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். இந்தத் தடவை தொடையில் விழுந்தது. குழந்தை வீல் என்று கத்த, தாயும் சேர்ந்து அழுதாள்.

டாக்டர் திரும்பி, "நீங்க போடுங்க" என்றார்.

"டாக்டர், அவர் கை..." என்று மனைவி இழுத்தாள்.

டாக்டர் அவரைக் கை கழுவச் சொல்லி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா. ஊறிப்போன கருப்பு. கழுவின கை சுத்தமான கைதான்."

ஊசிமுனை ஓட்டையைத் தேடிப்பிடித்து அதன் மேல் மட்டும் பசை வைக்கிற விரல்கள் அவை. உப்பு மணி மேல் போய் உட்கார்ந்தது, ஒரு துகள் வெளியே சிந்தவில்லை. துணியை வைத்து டேப்பின் நாலு மூலையையும் நீவிவிட்டார். பழக்க தோஷம், கடைசியில் அதன் மேல் ஒற்றை விரலால் ரெண்டு தட்டும் தட்டினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு விரலைத் தேடியது. மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூணு நாளும் அவர்தான் உப்பு வைத்தார். வைத்ததும் மனைவி பிள்ளையை வாங்கிக்கொள்வாள், அவரும் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். ஐந்தாம் நாள் டாக்டர் பார்த்தபோது மணி சுருங்கி உதிர்ந்திருந்தது, குழி காய்ந்திருந்தது. "இனிமே உங்க மக தாராளமாக் குளிக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், கை கழுவிவிட்டுப் பழக்கப்படி கதவோரமே நின்றார். மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைச் சுளித்தாள். புளக்.

"என்னங்க, டாக்டர்கிட்ட ஓடுவோமா?" என்று மனைவி சிரித்தாள். அப்புறம், "இங்கே வாங்க. வந்து இவளைப் பிடிங்க. எனக்குக் கை நடுங்குது" என்றாள்.

பஞ்சர்காரர் டப்பைப் பார்த்தார். அவள் கை இருந்த இடத்தில் தண்ணீர் அசையவே இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. குனிந்து, இரண்டு கையையும் நீட்டி மகளை வாங்கிக்கொண்டார்.