உப்புக்காற்று படாமல்

“இன்னும் இறுக்குளா. சரியுதுல்லா,” என்றாள் எதிர்வீட்டு இசக்கியம்மாள்.

அக்கா பேச்சித்தாயின் மார்புக்குக் குறுக்கே கொடுத்திருந்த கிழிந்த வேட்டித் துணியை நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டாள் செல்லக்கனி. துணி வெளியே தெரியாதபடி இசக்கியம்மாள் பட்டுச்சேலையின் முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டாள். கடைசிக் குளிப்புக்கு எடுத்துவந்த நீர்மாலைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய தலை இன்னும் காயவில்லை. பேச்சித்தாயின் கூந்தலிலிருந்து சொட்டிய நீர் செல்லக்கனியின் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் தயங்கி விழுந்தது.

“வலிக்குமோன்னு பாக்கியா? இனி அவளுக்கு என்ன வலி. வலிச்சப்ப ஒருத்தரும் பாக்கல,” என்றாள் இசக்கியம்மாள். கேட்கவேண்டியவருக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

அவர் காதில் அது விழவில்லை. முற்றத்து நடுவில், ஈர வேட்டியோடு, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார் காசிலிங்கம். பேச்சித்தாயின் புருஷன். துறைமுகத்துக்குப் போகிற தெருவில் முன்பக்கம் அவருடைய ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. சற்று முன்புதான் நீர்மாலைக் குடத்தைத் தோளில் சுமந்து வந்திருந்தார். லென்ஸைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டதைச் செல்லக்கனி பார்த்தாள்.

செத்தவர்களை நாற்காலியில் உட்கார்த்திப் படம் எடுப்பது ஊர் வழக்கம். இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்களெல்லாம் கடைசியில் காசிலிங்கத்தின் முன்னால் வந்துதான் உட்கார்ந்தார்கள். மூடிய இமைகளின்மேல் அவர் கண் வரைந்து கொடுப்பார். பிள்ளைகள் அதைப் பார்த்து, “அப்பா நம்மளையே பாக்காவ” என்று அழுவார்கள்.

பேச்சித்தாய்க்குப் படம் எடுத்துக்கொள்ள பயம் இருந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்தான் எடுக்கவில்லை.

“இந்தக் கிழட்டு லென்ஸுக்கு உன் முகத்தைக் குடுக்கமாட்டேன். புதுசு வரட்டும்.”

அக்கா இதைத் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். உலகச் சண்டை நடந்த வருஷங்களில் சீமையிலிருந்து ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்தது. அக்காவுக்கு இருமல் வந்தது. செல்லக்கனி ஆத்தூரிலிருந்து வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். போன வாரம் கொழும்புக் கப்பலில் லென்ஸ் வந்தது.

அதைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று அவர் சாப்பிடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: “முகத்தை நீட்டவும் செய்யாது, குறுக்கவும் செய்யாது. நம்ம கண்ணு எப்படிப் பாக்குதோ, அப்படியே பாக்கும். வீட்டுக்குள்ள சன்னல் வெளிச்சம் போதும். முகம் ஊசிமுனை மாதிரி நிக்கும், பின்னால சுவரு பஞ்சாப் போயிரும். உப்புக்காத்து மட்டும் படக்கூடாது. பட்டா உள்ள வெள்ளையாப் பூத்துரும், அவ்வளவுதான்.”

உப்பளத்து அம்பாரங்களை எடுத்தார். தோணிகளை எடுத்தார். சங்குக் குவியலுக்கு முன்னால் வியாபாரியை எடுத்தார். பேச்சித்தாய் கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “கொஞ்சம் தேறட்டும். எலும்பும் தோலுமா எடுத்தா என் கைக்குத்தான் கெட்ட பேரு,” என்றார்.

இன்று காலை அவளே எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுக்கச் சொன்னாள். “ஏளா, தலை சீவிவிடு. பின்னலை முன்னால எடுத்துப் போடு. அத்தான் கேமராவை இங்கன கொண்டு வாராவ.”

அவர் கொண்டுவந்தார். கட்டிலுக்கு எதிரே நிறுத்தினார். பேச்சித்தாய் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். கன்னம் ஒட்டியிருந்தாலும் கண் பெரிதாக, தெளிவாக இருந்தது. அவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கையை நீட்டி அசைத்தார்.

“லேசா அங்கிட்டு நகரு பேச்சி. உன் நிழலு விழுது.”

சன்னல் திண்டில் மருந்துப் புட்டியும் கண்ணாடித் தம்ளரும் இருந்தன. வெயில் அவற்றின் ஊடாக வந்துகொண்டிருந்தது.

பேச்சித்தாய் நகர்ந்தாள். சுவர் வரைக்கும் நகர்ந்தாள்.

அவர் பிளேட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போன பிறகுதான் இருமல் வந்தது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. செல்லக்கனியின் மடியெல்லாம் ரத்தம். அவள் ஓடிப்போய் இருட்டறைக் கதவைத் தட்டினாள்.

“அத்தான், அக்காவுக்கு என்னமோ செய்யுது! கதவைத் தொறங்க!”

“தொறக்காத! வெளிச்சம் பட்டாப் போச்சு!”

“அத்தான்!”

“கொஞ்சம் பொறுளா. இந்தா வந்துட்டேன்.”

உள்ளே தட்டில் பிளேட்டு கழுவும் மருந்துத் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரே சீராக. செல்லக்கனி திரும்பி ஓடிவந்தபோது அக்காவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. பின்னல் முன்னால்தான் கிடந்தது.

பிறகு கதவு திறந்தது. நீர் சொட்டும் கண்ணாடிப் பிளேட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி அவர் வந்தார்.

“பாரு, தம்ளரு விளிம்புல ஒட்டியிருக்க துளிகூட…”

அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பிளேட்டைச் சுவரோரம் கீறல் விழாமல் சாய்த்து வைத்துவிட்டு, அழுதார்.

இப்போது முற்றத்தில் அழுகை ஓய்ந்திருந்தது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்கள்.

“தலை சாயுது. கனி, நீ பின்னால குத்தவச்சுக் கொண்டையைப் பிடிச்சுக்கோ,” என்றார் காசிலிங்கம்.

செல்லக்கனி நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து ஈரக் கொண்டையைக் கையில் ஏந்தினாள். தலை இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

“அப்படியே இரு. அசையாத,” என்றார் அவர், தொழில் பழக்கத்தில். லென்ஸின் கதவு திறந்து, வெகுநேரம் கழித்து மூடிய சத்தம் கேட்டது. “ஒரு மயிரிழை அசையல,” என்றார் மெதுவாக. அந்தக் குரலில் இருந்தது திருப்தி என்று செல்லக்கனிக்குப் புரியச் சற்று நேரமானது.

அக்காவை அவிழ்த்துப் பாயில் கிடத்தினார்கள். சங்கு ஊதுகிறவன் வாசலில் வந்து நின்றான். காசிலிங்கம் கேமராவை விட்டு நகரவில்லை. மாமனாரைக் கூப்பிட்டார்.

“மாமா, பழைய லென்ஸுன்னா கண்ணை வரைஞ்சிருவேன். இது காட்டிக் குடுத்துரும். நெசக் கண்ணுதான் வேணும். கனி கண்ணு அவ கண்ணு மாதிரியேதான். அதே நாற்காலியில, அதே வெளிச்சத்துல ஒண்ணு எடுத்தா, வெட்டி ஒட்டிருவேன். பிளேட்டு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு.”

“பொணம் எறங்குன நாற்காலியிலயா?” என்றாள் இசக்கியம்மாள். “நல்லாருக்குவே உங்க தொழிலு. வயசுப்பிள்ளைய்யா அது.”

பிறந்தவீட்டுக் கோடிச் சேலையோடு ஆத்தூரிலிருந்து வந்திருந்த அப்பா சிவனணைந்தபெருமாள் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“மாப்ளே கேக்காவல்லா. உக்காரு.”

“ஐயா…”

“உக்காருளா. நாளைக்கு நீ இருக்க வேண்டிய வீடு. வேத்தாளா வந்து இருக்கப்போறா?”

முற்றத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காசிலிங்கம் நாற்காலியை அரைச் சாண் நகர்த்தி வெளிச்சத்தைச் சரிபார்த்தார்.

செல்லக்கனி உட்கார்ந்தாள். நாற்காலி ஈரமாக இருந்தது. அக்காவைக் கட்டியிருந்த துணியின் ஒரு நுனி இன்னும் அதன் முதுகில் தொங்கியது. மூன்று கால் ஸ்டாண்டின் மேலிருந்து அந்த வட்டக் கண்ணாடி அவளையே பார்த்தது. அதன் அடியில் ஊதாவாக ஏதோ மினுங்கியது. அக்கா கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பார்வை. இனி அக்கா சுவரில் தொங்குவாள். மாலை போடுவார்கள். அதற்குக் கீழே இவள் சோறு பொங்குவாள். அக்காவின் முகத்திலிருந்து இவளுடைய கண்களே இவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

“நேரா பாரு. முழிய அசைக்காத.”

அவர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று லென்ஸின் கதவைத் திறக்கும் ரப்பர் உருண்டையைக் கையில் எடுத்தார். காற்றில் தூசி வருகிறதா என்று லென்ஸையே குனிந்து பார்த்தபடி அமுக்கினார்.

செல்லக்கனி கண்களை மூடிக்கொண்டாள்.

லென்ஸின் கதவு மூடுகிற சத்தம் கேட்டபிறகு கண்களைத் திறந்தாள். அப்பா தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கியம்மாள் மட்டும் அவளைப் பார்த்தாள். பிறகு வெற்றிலையை மறு கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டாள்.

“நல்லா வந்திருக்கும்,” என்றார் காசிலிங்கம்.

பாடை தூக்கும்போது கூட்டம் நெருக்கியது. கொள்ளிச்சட்டியை வாங்கப் போன காசிலிங்கம் பாதியில் திரும்பி வந்தார். லென்ஸைத் திருகிக் கழற்றி, மெல்லிய துணியில் பொதிந்து செல்லக்கனியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

“உள்ள பெட்டியில வையி. உப்புக்காத்து படாம. என்ன?”

அவள் தலையசைத்தாள். கண்ணாடி சூடாக இருந்தது.

சங்கு தெருமுனை திரும்பும்வரை பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கிணற்றடிக்குப் போனார்கள். இந்தத் தெருக் கிணறுகளில் குடிக்கிற தண்ணீர் கிடையாது. குளித்து வெயிலில் நின்றால் தோலில் உப்பு வெள்ளையாகப் படியும்.

“தலையில ஊத்திக்கோளா,” என்றாள் இசக்கியம்மாள் வாளியை இழுத்தபடி. “கையில என்ன?”

செல்லக்கனி துணியை அவிழ்த்தாள். லென்ஸை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்து, முன்பு அக்காவுக்கு ஊற்றியதுபோல, செம்பால் மொண்டு மெதுவாக ஊற்றினாள். கவிழ்த்து வைத்து இன்னொரு செம்பு ஊற்றினாள்.

இசக்கியம்மாள் வாளியை மறுபடி கிணற்றுக்குள் இறக்கினாள்.

தான் குளித்து முடித்ததும் செல்லக்கனி உள்ளே போனாள். லென்ஸைத் துடைக்காமல், சொன்னபடியே துணியில் பொதிந்து பெட்டியில் வைத்தாள். காற்று புகாதபடி மூடியை நன்றாக அழுத்தினாள்.